சிரித்ததற்குப் பத்துக் காசு

பாடப்புத்தகத்தின் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில்
மழைநிறத்தில் ஒரு கட்டம்.
"பெண்களும்" என்று தலைப்பு.
அந்த 'உம்'மைத்தான் பதினோரு வருடமாக
நடத்திக்கொண்டிருக்கிறேன்,
வெள்ளிக்கிழமை, கடைசி மணி.

ஸ்டவாங்கரில் நவம்பர்.
இரண்டு மணிக்கே விளக்குப் போட்டாயிற்று.
ஈரக் கம்பளிச் சட்டைகளின் வாடையில்
பத்தாம் வகுப்பு பாதி உறங்குகிறது.
இன்று கட்டத்தை விட்டுவிட்டு
ஒரு பேரேட்டின் நகலை நீட்டினேன்.
துறைமுகத்தில் இடித்துவிட்ட மத்தி ஆலையின்
அபராதக் கணக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று.

சம்பளப் பட்டியல் தீயில் போயிற்று.
கடிதம், புகைப்படம், ஒன்றும் மிஞ்சவில்லை.
தப்பியது தப்புகளின் கணக்கு மட்டும்.

தாமதம், ஐந்து காசு.
தகரம் வளைந்தது, மூன்று.
தலையும் வாலும் மாற்றாமல் மீன் அடுக்கியது, இரண்டு.
குழந்தைக்குப் பால் கொடுக்க வெளியே போனது:
தொகை எழுதி, அடித்து,
மறுபடி எழுதியிருக்கிறது.

"பரீட்சைக்கு வருமா?" என்றான் சிந்த்ரே.
"வராது."
பேனாக்களைக் கீழே வைத்தார்கள்.
அப்புறம்தான் படிக்க ஆரம்பித்தார்கள்.

ஓட்னியின் கண்ணில்தான் முதலில் பட்டது.
குட்வேய்க் ட்யெல்டா: சிரித்ததற்கு, பத்துக் காசு.
மறு வாரம் அதே பெயர், அதே குற்றம்.
பக்கம் புரட்டப் புரட்ட
வசந்தம் முடிவதற்குள் பதினான்கு முறை.

எதற்குச் சிரித்தாள்?
மேஸ்திரியின் மீசைக்கு, என்றான் ஒருவன்.
காதல், என்றது பின்வரிசை.
பைத்தியமாக இருக்கும்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
வாய்பாடு மறந்தவள்போல் நின்றேன்.
தெரியாது என்பதை எப்படிச் சொல்வதென்று
பயிற்சிக் கல்லூரியில் ஒரு பாடமும் இல்லை.

ஹோதான் மட்டும் தலை நிமிரவில்லை.
அவள் அம்மா இரவுப்பணியில் சால்மன் வெட்டுகிறவர்;
பெற்றோர் கூட்டத்தில் ஒருமுறை
உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார்.
தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்:
ஒரு நாள் கூலியில் ஆறில் ஒரு பங்கு.
"பதினான்கு தடவை தெரியாமலா சிரிப்பாள்?
விலை தெரிந்துதான் வாங்கியிருக்கிறாள்."
சொல்லிவிட்டுச் சிரித்தாள்.
முதலில் அவள், அடுத்து ஓட்னி,
கடைசியில் எதற்கென்றே தெரியாமல் சிந்த்ரே.
பக்கத்து அறைக் கணித ஆசிரியர்
சுவரைத் தட்டினார்.

மணி அடித்தது. நாற்காலிகள் மேசைமேல் ஏறின.
வருகையைப் பதியக் கணினியைத் திறந்தேன்.
ஒழுங்குக் குறிப்புகள் என்றொரு பக்கம் அதில் உண்டு.
ஹோதானின் பெயருக்கு எதிரே
செப்டம்பர்: காரணமின்றிச் சிரித்தாள்.
அக்டோபர்: காரணமின்றிச் சிரித்தாள்.
மூன்றாவதில் அவசரம். மேலே உள்ளபடி.
எழுதியவர் என்ற இடத்தில் என் முதலெழுத்துகள்.

மேஸ்திரிக்கு எவ்வளவு அழகான கையெழுத்து என்று
காலையில், நகல் இயந்திரத்தருகே,
நினைத்துக்கொண்டேன்.

அழிக்க ஒரு பொத்தான் போதும்.
விரலும் வைத்துவிட்டேன்.
அழித்துவிட்டால்
இவள் சிரித்தாள் என்பதற்கு
வேறு யார் சாட்சி?

மழை விடவில்லை.
தரை துடைக்க வந்தவர்
காலைக் கொஞ்சம் தூக்குங்கள் என்றார்.
தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
மூன்று வரியிலும்
'காரணமின்றி'யை மட்டும் நீக்கிவிட்டு.